கழுத்தியல்: காரைக்கால் உரை

இந்நூல் என்ன நுதலிற்றோ எனின், கழுத்து உணர்த்துதல் நுதலிற்று. கழுத்தாவது, தலைக்குக் கீழும் தோளுக்கு மேலும் நின்று, இரண்டு பக்கத்துத் தொல்லைகளையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு வலிப்பது.

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கினால் புலவர்கள் கோபிப்பார்கள் என்பதால் அதைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். எல்லை: வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர், கிழக்கே வங்கக் கடல், மேற்கே அம்பகரத்தூர். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் வைத்திருந்து, பிறகு புதுச்சேரியோடு ஒட்டிக்கொண்டு, நிலத்தால் தமிழ்நாட்டுக்குள் கிடக்கும் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். வழி: பாதி மருத்துவ ஏடுகள், பாதி பேருந்து நிலையத்து டீக்கடை. கேட்போர்: ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பவர்கள். பயன்: கடைசியில் வரும். கழுத்து நிஜமாகவே வலிக்கிறவர்கள் வகைகளைத் தாண்டி நேரே அங்கே போய்விடலாம்.

இனிப் பொருளின் அளவு. 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. ஒட்டகச்சிவிங்கியானாலும் நகராட்சிக் கவுன்சிலரானாலும் கழுத்தெலும்பு ஏழுதான். ஆகவே இம்மாவட்டத்தில் கழுத்தெலும்புகள் 14,01,554. இந்தத் தொகையை இதுவரை எந்த அரசு ஆவணமும் வெளியிடவில்லை என்பதில் நூலாசிரியருக்குச் சிறு பெருமை உண்டு. எலும்பு ஏழு என்பதால் கழுத்து வகையும் ஏழு என வகுக்கப்பட்டது. வேறு காரணம் தேட வேண்டாம். ஆனால் கழுத்து நரம்புகள் எட்டு ஜோடி. ஒன்று எலும்புக் கணக்கை மீறி நிற்கிறது. அதற்கேற்ப எட்டாவதாக ஒரு வகையும் கணக்கை மீறி நிற்கும் என்க.

முன்னோர் வகுத்தவை சிலவும் உள. சித்த மருத்துவம் இதைச் சகனவாதம் என்று வாத நோய்களோடு சேர்த்தது. ஆங்கில மருத்துவம் ஸ்பாண்டிலோசிஸ் என்றது. மக்கள் இரண்டையும் ஒதுக்கிவிட்டு "தேய்மானம்" என்கிறார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "எலும்பு தேஞ்சிருக்கும்மா" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அடுத்த பத்து ஆண்டுக்கு யாரும் அந்த அம்மாவைத் தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்ல மாட்டார்கள். அது ஒரு நன்மை. தீமை என்னவென்றால், அதற்குப் பிறகு வேறு காரணம் எதையும் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

தேய்மானக் கட்சியை மறுத்துவிட்டு மேலே செல்வோம். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களுக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். ஆக, பிதுக்கமும் தேய்வும் தலைநரை மாதிரி வயதோடு வருபவை. நரைத்ததால் தலை வலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகாது என்பது இதனால் பெற்றாம்.

முதலாவது, சுமைக் கழுத்து. கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் பட்டினச்சேரியிலிருந்தும் சும்மாடு வைத்து அலுமினியக் கூடையில் மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்ற பெண்களின் கழுத்து. இப்போது கூடை பெரும்பாலும் ஆட்டோவில் ஏறிவிட்டது. ஆனாலும் அறுபது வயதுக்கு மேற்பட்ட எந்த மீன்கார அம்மாவையும் கேட்டுப் பாருங்கள், கழுத்தைத் தொட்டுக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார். இதில் காரணம் வெளிப்படை, ஆராய ஒன்றுமில்லை என்று நினைத்துக் கடந்துவிடலாம். ஒரு சந்தேகம் மட்டும் நிற்கிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் தலையில் கூடை இல்லை. இலக்கணப்படி வலி குறைய வேண்டும். "கூடை தூக்குற நாள்லகூட இப்படி இல்லைய்யா, இப்பதான் கழுத்தைத் திருப்ப முடியலை" என்றார் ஒரு அம்மா. தடைக்காலத்தில் தலையில் கூடை இல்லை, வட்டிக்காரர் இருக்கிறார். இவ்வகையை முழுதாக நம்பக்கூடாது என்று குறித்துக்கொள்க.

இரண்டாவது, குனி கழுத்து. இது பயிர்க்குனி, கைப்பேசிக்குனி என இருபால்படும். 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கணினி மாதிரி ஒன்றை வைத்துக் கணக்கிட்டார். நேராக நிற்கும்போது ஐந்து கிலோ போலிருக்கும் தலை, 15 பாகை குனிந்தால் கழுத்தெலும்புக்கு 12 கிலோவாகவும், 60 பாகை குனிந்தால் 27 கிலோவாகவும் அழுத்துமாம். இரண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிறவர் ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதியைப் பின்கழுத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். படிக்கப் பயமாக இருக்கும். ஆனால் அது கணினி மாதிரி, கழுத்தன்று. குனிகிற கோணத்துக்கும் வலிக்கும் நேர்த்தொடர்பு தேடிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறாக முடிந்திருக்கின்றன. குனிகிற எல்லாருக்கும் வலிப்பதில்லை. நெடுங்காடு பக்கம் நடவு வயலில் நாள் முழுக்கக் குனிகிறவர்கள் வரிசையாக நின்று, பேசி, சண்டையிட்டு, சிரித்துக் குனிகிறார்கள். இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் கைப்பேசியில் குனிகிறவர் தனியாகக் குனிகிறார். தூங்கமுடியாததால் குனிகிறாரா, குனிவதால் தூங்கமுடியவில்லையா என்பது அவருக்கே தெரியாது. பாகைமானியில் இந்த வேறுபாடு விழாது.

மூன்றாவது, அண்ணாந்த கழுத்து. இதன் சிறந்த உட்பிரிவு ஆண்டுக்கு ஒருமுறை ஆனிப் பௌர்ணமியில் தோன்றும். மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வீட்டு வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் முழுக்க அண்ணாந்து கை நீட்டும். இதனால் கழுத்து வலி வந்ததாக யாரும் மருத்துவமனைக்குப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. இத்தனை பேர் இத்தனை நேரம் கழுத்தைப் பின்னால் வளைத்தும் வலி வராமலிருப்பது இத்துறை ஆய்வாளர்கள் கவனிக்கத் தக்கது.

மற்றோர் உட்பிரிவுக்குத் திருவிழா தேவையில்லை. புதுச்சேரி வரி விகிதத்தின் புண்ணியத்தால் நம்மூரில் பாட்டில் விலை குறைவு. நாகையிலிருந்தும் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்தும் அண்ணாந்து குடிப்பதற்காகவே வந்து போகிறவர்கள் உண்டு என்பதை வாஞ்சூர் சோதனைச் சாவடியும் நண்டலாற்றுச் சாவடியும் அறியும். இவர்களில் பலர் சொல்லும் நியாயம், "உடம்பு வலிக்குதுங்க, ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் கழுத்து இளகுது" என்பது. அது பொய்யன்று. சாராயம் அன்றிரவு தசையை இளக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். மறுநாள் மனத்தைக் கீழே இழுக்கும். வலி மறுபடி ஏறும். பிறகு வாஞ்சூருக்கு மறுபடி பஸ் ஏற வேண்டும். குடிப்பழக்கமும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பது மருத்துவத்தில் தீர்ந்த வழக்கு. தமிழ்நாட்டு எல்லைக்குள் அவர்களைப் பிடிக்கும் சாவடியில் பாட்டிலை எண்ணுகிறார்கள், வலியை யாரும் கேட்பதில்லை.

நான்காவது, சுளுக்குக் கழுத்து. தலைகாணி மாறிப் படுத்ததால் காலையில் ஒரு பக்கம் திரும்ப மறுப்பது. சில நாளில் தானே போய்விடும். அதற்குள் சுளுக்கு எடுப்பவர், எண்ணெய் உருவுபவர், மாமியார் என மூவரும் பெருமையைப் பங்கிட்டுக்கொள்வர். ஒரே எச்சரிக்கை: முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பி நெட்டி முறிப்பது சலூன்களில் இலவச இணைப்பாக இன்னும் உண்டு. கழுத்தெலும்பின் பக்கத் துளைகள் வழியே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி செல்கிறது. வெடுக்கென்று திருப்பினால் அரிதாக அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. அரிது என்பது உண்மை. வேண்டாம் என்று சொல்ல அரை நொடிதான் ஆகும் என்பதும் உண்மை.

ஐந்தாவது, காத்திருப்புக் கழுத்து. இவ்வகை காரைக்காலுக்கே உரியது என்று சொல்லத் துணியலாம். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு பென்ஷன், பாரிஸில் பிள்ளை என்பவை இவ்வூரில் பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பவை. நமக்கும் பாரிசுக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. பையன் வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு வந்தால் இங்கே இரவு பத்தரை, அல்லது பதினொன்றரை. அம்மா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும். அது தன்னிடம் நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. அழைப்பு வந்தால் ஆறு நிமிடப் பேச்சு. வராவிட்டால் மறுநாள் கழுத்து.

இந்த இடத்தில் நூல் சற்று நின்று நரம்பு மண்டலத்தைப் பேசியாக வேண்டும். பின்தலையிலிருந்து தோள் வரை விரிந்து கிடக்கும் ட்ரப்பீசியஸ் தசை வினோதமானது. கையால் ஒன்றும் தூக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் கடினமான மனக்கணக்கு கொடுத்தாலே அந்தத் தசையில் மின்செயல்பாடு கூடுவதை 1990களில் ஸ்வீடனில் உல்ஃப் லுண்ட்பெர்க் குழுவினர் அளந்து காட்டினார்கள். மன அழுத்தம் வந்தால் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். இதயம் வேகமாகும், மூச்சு மேலேறும், கழுத்தும் தோளும் சண்டைக்குத் தயாராகும். சண்டை நடந்து முடிந்தால் தசை தளர்ந்துவிடும். பாரிஸ் அழைப்புக்குக் காத்திருப்பதில் சண்டையும் இல்லை, முடிவும் இல்லை. தசை இரவு முழுக்கத் தயாராகவே நிற்கும்.

கழுத்து வலி தலைக்கு ஏறுவதற்கும் விளக்கம் உண்டு. மேல்கழுத்தின் முதல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலியும், முகத்து உணர்வு நரம்பு கொண்டுவரும் வலியும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளைக்கே குழப்பம். ஆகவே பின்கழுத்தில் பிடித்தது நெற்றியில் பாரமாகவும் கண்ணுக்குப் பின்னால் குத்தலாகவும் தெரியும். "தலையெல்லாம் பாரமா இருக்கு, கண்ணு இருட்டுது" என்று சொல்கிறவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பி, கண்ணாடி மாற்றி, அதன் பிறகும் பாரம் குறையாதது இப்படித்தான்.

ஜப்பானில் மத்சுயி தகாயோஷி என்ற நரம்பு அறுவை மருத்துவர் இதற்கும் மேலே போய் ஒரு கட்சி கட்டினார். கழுத்துத் தசை இறுகுவதே தானியங்கி நரம்புகளைக் குலைக்கிறது, மனச்சோர்வு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது, கழுத்தைச் சரிசெய்தால் மனமும் சரியாகும் என்பது அவர் கோட்பாடு. கேட்க இனிமையான கோட்பாடு. மனநல மருத்துவர் அறைக் கதவைத் தட்டவே வேண்டாம் என்கிறது அல்லவா! மருத்துவ உலகம் இதை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, நூலாசிரியரும் ஒப்புக்கொள்ளவில்லை. பாதை இருவழி என்பதே கைவசம் உள்ள சான்று. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தொல்லைதரும் கழுத்துவலியோ இடுப்புவலியோ இல்லாதவர்களைத் தேர்ந்து பின்தொடர்ந்தது. தொடக்கத்திலேயே மனச்சோர்வுக் குறிகள் மிகுதியாக இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட அந்த வலி புதிதாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. அங்கே மனம் முந்தியது, கழுத்து பிந்தியது. மாறாக, மாதக்கணக்கில் வலித்து, தூக்கம் போய், வேலை போய், எரிச்சலில் வீட்டுப் பேச்சும் போனபின் சோர்வு வந்து உட்காருவதையும் எல்லா மருத்துவரும் பார்த்திருக்கிறார்கள். செரடோனின், நார்அட்ரீனலின் என்ற இரண்டு இரசாயனங்கள் மனநிலையையும் கவனிக்கின்றன, உடம்பிலிருந்து ஏறிவரும் வலியை முதுகுத்தண்டிலேயே அடக்கவும் உதவுகின்றன. அவை குலைந்தால் வலியும் அடங்குவதில்லை, மனமும் எழுவதில்லை.

ஆறாவது, சனிக் கழுத்து. இவ்வகைக்கு உலகத் தலைநகரம் நம் எல்லைக்குள் இருக்கிறது. திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, பழைய துணியை விட்டு, எள் விளக்கு ஏற்றிப் போகிறவர்களில் எத்தனை பேர் "ஒன்றும் பிடிக்கலை, உடம்பு அசதியா இருக்கு, தலையும் கழுத்தும் கனக்குது, ஜோசியர் ஏழரைன்னு சொன்னார்" என்று வந்தவர்கள் என்பதைக் குளக்கரையில் ஒரு சனிக்கிழமை நின்று கேட்டால் தெரியும். நளனைச் சனி பற்றியது கால் கழுவும்போது குதிகாலில் நனையாமல் விட்ட இடம் வழியாக என்பது கதை. ஏறிய இடம் கால்தான். அமர்ந்த இடம் கழுத்து என்பது இந்நூலின் துணிபு.

இதை வைத்துக் கிண்டல் செய்ய நூலாசிரியருக்கு விருப்பமில்லை. பயணம், குடும்பம் உடன் வருதல், எண்ணெய், குளிர்ந்த நீர், "உனக்கு நேரம் சரியில்லை, உன்மேல் குற்றமில்லை" என்று ஒருவர் சொல்லக் கேட்பது ஆகிய ஐந்தும் ஒரே நாளில் கிடைப்பது சின்ன விஷயமன்று. குறை கணக்கில்தான் இருக்கிறது. சனி ஒரு ராசியில் தங்குவது இரண்டரை ஆண்டு, ஏழரைக்கு அப்படி மூன்று தங்கல். அதுவும் எப்போது பெயர்ந்தான் என்பதில் பஞ்சாங்கங்களுக்குள் ஒற்றுமை இல்லை. 2025 மார்ச்சில் சனி பெயர்ந்தான் என்றது திருக்கணிதம், வாக்கியப்படி அது 2026இல்தான் என்றது திருநள்ளாறு. எலும்பு மருத்துவரும் நரம்பு மருத்துவரும் ஒரே கழுத்தைப் பற்றி இதைவிட அதிகமாகச் சண்டையிட்டதுண்டு, அதனால் பஞ்சாங்கக்காரர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மனச்சோர்வைக் கணிக்க மருத்துவம் வைத்திருக்கும் கால அளவு இரண்டே வாரம். நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட எல்லா நாளும், மனம் கீழே கிடப்பதோ எதிலும் நாட்டமில்லாததோ இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் இவையும் கெட்டு, அன்றாட வேலையும் தடுமாறினால் இரண்டு வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்கலாம். ஏழரை ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. விளக்கேற்றிவிட்டே பார்க்கலாம், சனி தடுக்க மாட்டான்.

ஏழாவது, காரணமில்லாக் கழுத்து. இந்நூல் எழுந்ததே இவ்வகைக்காக. மற்ற ஆறும் இதற்குப் போட்ட பந்தல்.

எந்த மருத்துவமனையிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"என்னம்மா பண்ணுது?"

"கழுத்து புடிச்சிக்கிட்டு இருக்குங்க டாக்டர். பின்னந்தலையெல்லாம் பாரம்."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சுங்க, ஆறேழு மாசம்."

எக்ஸ்ரே, கழுத்துப்பட்டை, வலி மாத்திரை, ஒரு நரம்பு ஊசி. அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். கேட்காமல் விட்ட கேள்விகள் மூன்று: தூக்கம் எப்படி? முன்னால் ஆசையாகச் செய்தது எதையாவது இப்போதும் செய்யத் தோன்றுகிறதா? வீட்டில் என்ன நடந்தது, அந்த ஆறேழு மாசத்துக்கு முன்? வரிசையில் எண்பது பேர் நிற்கும்போது ஒரு மருத்துவருக்குக் கிடைக்கும் நிமிடங்களில் இதைக் கேட்க முடியாமல் போவது புரியாததன்று. ஆனால் கேட்டால்தான் அந்த அம்மா அழுவார். அழுத பிறகுதான் கழுத்து எங்கிருந்து தொடங்கியது என்பது தெரியும்.

மனத்தை ஏன் சொல்லாமல் கழுத்தைச் சொல்கிறார்கள்? படிப்பில்லாதவர்களுக்கு உள்ளத்தை எடுத்துச் சொல்லத் தெரியாது என்று ஒரு காலத்தில் மேலை மருத்துவர்கள் எழுதினார்கள். அது அவர்கள் அறியாமை. பெங்களூர் நிம்ஹான்ஸில் ஆர். ரகுராமும் மிட்செல் வைஸும் அவர்கள் குழுவினரும் மனச்சோர்வு நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே கேட்டது. மனச்சோர்வுக் குறிகள் கூடியிருந்தவர்களிடம் ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சமும் கூடியிருந்தது. உடம்பு வலியாக வெளிப்பட்டவர்களிடம் அந்தக் கூச்சம் குறைவாக இருந்தது. உடம்பு வலி எல்லாருக்கும் வருவது. மனம் சரியில்லை என்றால் மகளுக்கு வரன் வராது. இது சொல்லத் தெரியாமை அன்று, எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்த கெட்டிக்காரத்தனம். சீனாவின் ஹூனான் மாகாணத்திலும் இதே கதைதான். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வந்த 100 பேரை ஆர்தர் கிளெய்ன்மன் பரிசோதித்து 1982இல் எழுதினார், அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய். நம் சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்கள் எழுதிவைத்த நரம்புத் தளர்ச்சி வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம்.

கழுத்தைச் சொல்வது நடிப்பு என்று எண்ணினால் அது பெரும்பிழை. வலி நிஜம். மேலே சொன்ன தசையும் நரம்பும் இரசாயனமும் அத்தனையும் நிஜம். மனத்திலிருந்து புறப்பட்ட வலி என்பதற்காகத் தசை குறைவாக இறுகுவதில்லை. "ஒண்ணுமில்லைம்மா, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புகிறவர், "எல்லாம் தேய்மானம்தான்" என்று சொல்லி அனுப்புகிறவரைவிடக் கொடியவர். முன்னவர் நோயாளியைப் பொய்யராக்குகிறார்.

இவ்வகையில் ஒரு தனிச் சிக்கல் மருந்துக்கடையிலும் கைப்பேசியிலும் நடக்கிறது. நாள்பட்ட வலிக்குப் பத்து மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் இரவில் போடச் சொல்வதும், துலோக்ஸெடின் எழுதுவதும் வழக்கம். இரண்டும் பிறந்தது மனச்சோர்வு மருந்துகளாக. வலியை அடக்கும் அந்த இரசாயனப் பாதையில் வேலை செய்வதால் கழுத்துக்கும் முதுகுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். மருந்துச் சீட்டைப் பிள்ளை கைப்பேசியில் தட்டிப் பார்ப்பான். "அம்மா, இது பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரை" என்பான். அன்றோடு நின்றுவிடும். சிலருக்குத் திடீரென்று நிறுத்துவதே தலைசுற்றலும் படபடப்புமாகப் புதுத் துன்பம் தரும். மருந்தை எழுதுகிற மருத்துவர் ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினால் இது நிற்கும். பையனும் அந்தச் சொல்லை வீட்டில் பயன்படுத்தாமலிருக்கலாம்.

காரைக்காலில் இவ்வகையினர் எத்தனை பேர்? நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அதில் இருந்தது, புதுச்சேரி இல்லை. அதாவது கணக்கெடுத்தவர்கள் நண்டலாற்றுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள். நாட்டளவில் பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர் என்றும், நோய் இருப்பவர்களில் பத்துக்கு எட்டு பேருக்கு மேல் சிகிச்சைக்கே போகவில்லை என்றும் அது சொன்னது. போகவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போகவில்லை. எலும்பு மருத்துவர், பிசியோ, சுளுக்குக்காரர், நளதீர்த்தம், வாஞ்சூர் என்று எல்லா இடத்துக்கும் போயிருப்பார்கள்.

எட்டாவது, ஏழில் அடங்காதது. இவ்வூர் புனிதவதியார், அதாவது காரைக்கால் அம்மையார், பேய் வடிவம் வேண்டிப் பெற்று, கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார் என்று சேக்கிழார் பாடினார். தலை உடம்பைச் சுமந்த ஒரே வகை இது. ஹன்ஸ்ராஜின் கணினியில் இதற்கு இடமில்லை. கணவன் விட்டுப் போனபின் அவர் உற்றதை இன்றைய மருத்துவச் சொற்களில் அடைக்க முயல்வோர் உண்டு, நூலாசிரியருக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தம் உள்ளத்தை மறைக்கவில்லை, வேறெதன் பெயரிலும் சொல்லவில்லை, பாட்டாகவே பாடிவைத்தார். இவ்வகையில் நோயாளிகள் இல்லை. வகைப்பாட்டுக்கு மட்டும் வைக்கப்பட்டது.

புறனடை. இங்கே சொல்லாத கழுத்துகள் வந்தால் சொன்னவற்றோடு பொருத்திக் கொள்க. ஹெல்மெட் கழுத்து, தையல் மிஷின் கழுத்து, கும்பகோணம் பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்கிய கழுத்து எல்லாம் அப்படியே.

இனிப் பயன். கழுத்து வலியோடு கை பலம் குறைந்தால், விரல் மரத்தால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்பாடு தவறினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், விழுந்த பிறகு வலி வந்தால், இந்நூலைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை எந்த வகையிலும் சேராதவை, காத்திருக்காதவை. மற்றவர்கள் கழுத்துப்பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம், தசை மேலும் சோம்பிவிடும். டென்மார்க்கில் 2011இல் வந்த ஆய்வில், அலுவலக ஊழியர்கள் ரப்பர் பட்டையை இழுத்து நாளுக்கு இரண்டே நிமிடம் தோள்பயிற்சி செய்து பத்து வாரத்தில் வலி குறையக் கண்டார்கள். நடப்பதும் நல்லது. கடற்கரை இருக்கிறது, அரசலாற்று முகத்துவாரம் வரை பாதை இருக்கிறது, காசு கேட்பாரில்லை.

கழுத்து விடவில்லை, இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, எதுவும் பிடிக்கவில்லை என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அடுத்த முறை நீங்களே வாய் திறந்து தூக்கத்தையும் மனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது கழுத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், எண்ணெய் தேய்த்துவிடும்போது தூக்கம் எப்படி என்றும் கேளுங்கள். சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அதைக் கழுத்து வலிக் கணக்கில் எழுதாதீர்கள், உடன் இருங்கள், அன்றே உதவி தேடுங்கள். மருத்துவமனை வாசலில் யார் பார்ப்பார்களோ என்ற கூச்சம் இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். எண் 14416.